மெட்ராஸ்-24: ஒரு மகள் கொண்டுவந்த முகவரி

கேள்வி:

சென்னை அடையாறில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் வீட்டு மாடியில் இரண்டு வாரங்களாக ஒரு ரஷ்யப் பெண் தங்கியிருக்கிறார். வயது முப்பத்தெட்டு, ஊர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். அவருடைய தந்தை தமிழர். லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பொறியியல் படிப்பதற்காக 1982இல் போனவர், உடன்படித்த பெண்ணோடு திருமணம் பதிவு செய்யாமலே வாழ்ந்திருக்கிறார். குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது, 1988இல், திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பியிருக்கிறார். அதன் பிறகு மூன்று கடிதங்கள் வந்தன. கடைசிக் கடிதம் 1990இல் வந்தது. அதன் பின் கடிதம் ஏன் நின்றது என்று தெரியவில்லை. சென்ற ஆண்டு தாய் காலமான பின், அவருடைய பெட்டியில் ஒரு புகைப்படமும் ஒரு கடித உறையும் மகளுக்குக் கிடைத்திருக்கின்றன. உறையின் பின்பக்கத்தில் கோடம்பாக்கத்துத் தெரு ஒன்றின் பெயரும் 'மெட்ராஸ்-24' என்பதும் இருக்கின்றன. தந்தையின் பெயரை இணையத்தில் பல மாதங்களாகத் தேடியும் பயனில்லை. மகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருக்கிறது. புகைப்படத்தை ஃபேஸ்புக்கில் போட்டால் இரண்டே நாளில் ஆள் கிடைத்துவிடுவார் என்கிறான் என் அக்கா மகன். ஒரு யூடியூப் சேனலில் பேசவைக்கவும் ஏற்பாடு செய்கிறான். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா? அந்த முகவரிக்கு நானே அவரை அழைத்துப் போகலாமா? தந்தை மறுத்துவிட்டால் டி.என்.ஏ. பரிசோதனைக்கு வற்புறுத்த முடியுமா? அடுத்தவர் குடும்பத்தில் தலையிட்டுப் பாவத்தைக் கட்டிக்கொள்ளாதே என்கிறார் என் கணவர். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

முதலில் உங்கள் அக்கா மகனை நிறுத்திவையுங்கள். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குடும்ப வழக்குகளை நடத்திவரும் இந்த இருபத்தாறு ஆண்டுகளில் இதுபோன்ற தேடல்கள் நான்கைந்து என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலிருந்து நான் உறுதியாகக் கற்றது ஒன்றுதான்: ஆளைக் கண்டுபிடிப்பது இந்த வேலையின் எளிய பாதி. முதல் செய்தி அவர் காதுக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்பதுதான் மீதிப் பாதி முழுவதையும் தீர்மானிக்கிறது. ஃபேஸ்புக் வழியாகத் தேடினால் அந்த மனிதருக்கு முன்பாக அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சம்பந்தி வீட்டாரும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவும் செய்தியை அறிந்திருப்பார்கள். தனியாக உட்கார்ந்து யோசிக்க ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காத மனிதர், வாயில் முதலில் வரும் சொல்லைச் சொல்லிவிடுவார். அது பெரும்பாலும் 'இல்லை' என்பதாகவே இருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பெண், யாரையும் கலந்துகொள்ளாமல், தந்தையின் வீட்டு வாசலில் நேரே போய் நின்றார். அன்று அந்த வீட்டில் இளைய மகளுக்கு நிச்சயதார்த்தம். வெளியே வந்த தந்தை, உறவினர் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, 'இவர் யாரென்றே எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே என் அலுவலகத்துக்கு வந்து, அந்தப் பெண்ணின் முகவரி கிடைக்குமா என்று கேட்டார். முகவரி கிடைத்தது, கடிதமும் போனது, ஆனால் அந்தப் பெண் பதில் எழுதவில்லை. நீங்களே அழைத்துப் போகலாமா என்று கேட்டீர்கள் அல்லவா, அதற்கு என் பதில் இந்த நிகழ்ச்சிதான். அந்த முகவரிக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் அவரை அழைத்துக்கொண்டு அல்ல.

இனி தேடலுக்கு வருவோம். தந்தையின் பெயரை இணையத்தில் பல மாதங்களாகத் தேடியும் பயனில்லை என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறிப்பிட்ட பெயரைப் பார்த்தவுடன் காரணம் எனக்குப் புரிந்தது. அந்தப் பெயரை இங்கே வெளியிடாமல், விளக்கத்துக்காக வேறு ஒரு பெயரை வைத்துச் சொல்கிறேன். சண்முகம் என்பவருடைய மகன் கணேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அவர் எஸ். கணேசன். ரஷ்யப் பதிவேடுகளில் குடும்பப் பெயர் முதலிலும், சொந்தப் பெயர் அடுத்தும், தந்தை பெயரிலிருந்து உண்டான பெயர் மூன்றாவதாகவும் வரும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. ஆகவே, முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்லி, அந்தத் தந்தை பெயரையே குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுதிவிடுவார்கள். அங்கே அவர் 'சண்முகம் கணேசன்' ஆகிவிடுவார். வகுப்பில் அழைப்பதும் விடுதிப் பதிவேட்டில் இருப்பதும் சண்முகம் என்ற பெயராக இருக்கும். ஆக, அந்தப் பெண் இத்தனை மாதங்களாகத் தன் தந்தையைத் தேடவில்லை, தன் பாட்டனாரைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்தப் பெயர் யாருடையது என்பதை அந்தப் பெண்ணின் பெயரிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ரஷ்யர்களின் தந்தைவழிப் பெயர், தந்தையின் சொந்தப் பெயரோடு மகளுக்கு 'ஓவ்னா' அல்லது 'எவ்னா' என்ற ஈற்றைச் சேர்த்து உண்டாவது. தாய் நம் வழக்கத்தை அறிந்து பெயர் வைத்திருந்தால், கணேசனின் மகள் 'கணேசனோவ்னா' என்றுதான் பதிவாகியிருப்பார். அவருடைய கடவுச்சீட்டில் உள்ள அந்தத் தந்தைவழிப் பெயரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாம் முன்னெழுத்தில் அப்பாவைச் சுமப்பதுபோல அவர் முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தன் பெயருக்குள் அவரைச் சுமந்துகொண்டிருக்கிறார், அது எந்தப் பெயர் என்று அவருக்குத் தெரியாவிட்டாலும்கூட. இங்கே அவருக்குத் தம்பி தங்கைகள் இருந்தால், அவர்களுடைய பெயருக்கு முன்னால் இருப்பதும் அதே பெயரின் முதல் எழுத்துதான்.

எழுத்துப் பெயர்ப்பையும் கவனியுங்கள். ரஷ்ய எழுத்தில் நம் 'ழ'வும் 'ள'வும் 'ல'வும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும், 'ண'வும் 'ன'வும் ஒன்றாகிவிடும். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது இன்னொரு முறை மாறும். தாய் எழுதிவைத்த வடிவத்தை அவரை உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்கள் காதால் கேட்டு, அதற்கு இயல்பாக அமையக்கூடிய தமிழ்ப் பெயர்கள் இரண்டு மூன்றைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியையான உங்களைவிட இதைச் செய்யத் தகுந்தவர் வேறு யார்?

அடுத்தது உறையின் பின்பக்கம். அந்த '24' இன்றைய 600 024 என்ற அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்கள்தான். கோடம்பாக்கம் இன்றும் அதே குறியீட்டில்தான் இருக்கிறது. ஆனால் தெருவும் கதவு எண்ணும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சென்னையில் தெருக்கள் பெயர் மாறியிருக்கின்றன, சில தெருக்கள் சாதிப் பட்டத்தை உதிர்த்துவிட்டு வெறும் பெயரோடு நிற்கின்றன. வீட்டு எண்களை மாநகராட்சி மாற்றியதால்தான் இன்றும் பல வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள் தொங்குகின்றன. உங்கள் உறையில் இருப்பது நிச்சயம் பழைய எண். தனி வீடு இருந்த இடத்தில் இப்போது எட்டுக் குடியிருப்புகள் இருக்கக்கூடும். அந்த வீடு அவருடைய சொந்த வீடாக இல்லாமல் வாடகை வீடாகவோ, மாமா வீடாகவோ இருந்திருக்கவும் கூடும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது சொத்தின் புல எண்ணை வைத்துத் தேடுவது, ஆளின் பெயரை வைத்துத் தேடுவது அன்று.

இதற்கு வாக்காளர் பட்டியல் எவ்வளவோ மேல். அதில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது எல்லாம் இருக்கும், அதுவும் தெருவாரியாக, தமிழில் இருக்கும். இப்போதைய பட்டியலைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரும் உறவினர் பெயரும் வயதும் கொடுத்துத் தேட முடியும். அதைவிட முக்கியமாக, சிறப்புத் தீவிரத் திருத்தத்தை ஒட்டி 2002, 2005ஆம் ஆண்டுகளின் பழைய பட்டியல்களும் இணையத்தில் ஏற்றப்பட்டுள்ளன. 1982இல் பள்ளி முடித்துப் போன பையனுக்கு 2002இல் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயது இருக்கும். அந்தத் தெருவுக்கான பாகத்தை எடுத்து, அந்த வயதில், அந்தத் தந்தை பெயரோடு யார் இருக்கிறார்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பில் தொகுதிகளின் எல்லைகள் மாறிவிட்டன. ஆகவே, தொகுதியின் பெயரை நம்பாமல் தெருவின் பெயரைப் பின்பற்றுங்கள். அவர் பெயர் கிடைக்காவிட்டால், தந்தை பெயர் அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அவர் வளைகுடா நாட்டுக்கோ அமெரிக்காவுக்கோ போயிருந்தாலும் அவருடைய மனைவியோ, பிள்ளைகளோ, ஒரே தந்தை பெயரைக் கொண்ட அண்ணன் தம்பியோ அந்தப் பட்டியலில் இருப்பார்கள்.

இரண்டாவது வழி அவரோடு படித்தவர்கள். அந்தக் காலத்தில் சோவியத் நாட்டுக்குப் படிக்கப் போன தமிழ் மாணவர்கள் சிலர் அரசு உதவித்தொகையில் போனார்கள். வேறு சிலர் இந்திய சோவியத் கலாச்சாரக் கழகம் வழியாகவும், கம்யூனிஸ்ட் கட்சிக் குடும்பங்களின் பிள்ளைகளாகவும் போனார்கள். இதில் எது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லோரும் முதல் ஆண்டு ரஷ்ய மொழி படித்துவிட்டே பாடப்பிரிவுக்குப் போவார்கள் என்பதால், வெவ்வேறு துறைகளில் சேர்ந்தவர்களும் முதல் ஆண்டில் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். ஆழ்வார்பேட்டை கஸ்தூரிரங்கன் சாலையில் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்துக்கு அப்படிப் படித்துத் திரும்பியவர்கள் இன்றும் வந்துபோகிறார்கள். அங்கே போய் விசாரிக்கும்போது, 1982இல் லெனின்கிராடுக்குப் போன மாணவர்கள் யாரையாவது தெரியுமா என்று மட்டும் கேளுங்கள், ஒரே ஒருவரைப் பற்றிக் கேட்காதீர்கள். 'பாலிடெக்னிக்' என்ற சொல்லையும் பயன்படுத்த வேண்டாம். ரஷ்யாவில் அது பொறியியல் பட்டம் வழங்கும் பெரிய உயர்கல்வி நிறுவனத்தைக் குறிக்கும். இங்கே கேட்பவர்களோ டிப்ளமோ படித்தவர் என்று நினைத்து வேறு பக்கம் போய்விடுவார்கள்.

மூன்றாவது வழி, அந்தப் பெண்ணின் சொந்த ஊரிலேயே இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும்போது அந்தக் கல்வி நிறுவனம் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கோப்பு வைத்திருக்கும். விண்ணப்பமும் புகைப்படமும் பள்ளிச் சான்றிதழின் நகலும் வீட்டு முகவரியும் அதில் இருக்கும். பல்கலைக்கழக ஆவணக் காப்பகங்கள் அத்தகைய கோப்புகளை நீண்ட காலம் பாதுகாக்கின்றன. மகள் என்ற முறையில் அவர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். மூன்றாம் நபருக்குக் கோப்பைக் காட்ட மறுத்தாலும், குறிப்பிட்ட ஆண்டில் இன்ன பெயருடைய மாணவர் படித்தார் என்ற சான்றாவது கிடைக்கக்கூடும். பள்ளியின் பெயர் கிடைத்துவிட்டால், சென்னையில் அந்தப் பள்ளியின் பழைய மாணவர்களிடம் விசாரிப்பது தெருவில் விசாரிப்பதைவிட நூறு மடங்கு நாகரிகமானது.

காவல் நிலையம் வேண்டாம். தன் விருப்பப்படி ஊர் திரும்பிய வயதுவந்த மனிதர் சட்டத்தின் கண்ணில் காணாமற்போனவர் ஆகமாட்டார். புகாரை ஏற்றுக்கொண்டாலும், ஒரு காவலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதில்தான் அது முடியும். ஆதார் விவரங்களைத் தனியார் யாருக்கும் தருவதற்குச் சட்டம் இடமளிப்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் தனிநபர் முகவரி கிடைக்காது. தனியார் துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. கைபேசி அழைப்புப் பட்டியலை வாங்கித் தருகிறோம் என்று சொல்பவர் குற்றம் செய்யப் போவதாகச் சொல்கிறார் என்று பொருள். அப்படிப்பட்டவரிடம் அந்தப் பெண்ணின் கடவுச்சீட்டு நகலைக் கொடுத்துவிடாதீர்கள்.

கோடம்பாக்கத்துக்கு நீங்கள் மட்டும், ஒரு காலை வேளையில் போய் வாருங்கள். பழைய மளிகைக் கடை, இஸ்திரி போடுபவர், கோயில் குருக்கள், தெருவில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் ஏதாவது ஒரு வீட்டுப் பாட்டி, இவர்களிடம் விசாரித்தால் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை. 'அவரோடு வெளிநாட்டில் படித்தவர்கள் வீட்டிலிருந்து விசாரிக்கச் சொன்னார்கள்' என்பது முழு உண்மைதான். புகைப்படத்தைக் கொண்டுபோகாதீர்கள். அதில் அவர் மட்டுமா இருக்கிறார், பக்கத்தில் அந்தப் பெண்ணின் தாயும் இருக்கிறாரே.

அவர் இருக்குமிடம் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இந்தப் பதிலில் நான் மிகவும் யோசித்து எழுதும் பகுதி. தொலைபேசியில் அழைக்காதீர்கள். மனைவியோ மகனோ எடுத்தால் என்ன சொல்வீர்கள்? என்னைப் போன்ற வழக்கறிஞரிடமிருந்து ஒரு கடிதம் போகவே கூடாது. நம் ஊரில் வக்கீல் நோட்டீஸ் வந்த வீட்டில் அடுத்த நொடியே சொத்தைப் பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும், உடனே அவர்களும் ஒரு வக்கீலைத் தேடிப் போவார்கள். எல்லாவற்றிலும் சிறந்த வழி, அவரோடு படித்த ஒரு நண்பர் அவரைத் தனியாகச் சந்தித்து, 'உன் மகள் வந்திருக்கிறாள், உன்னைப் பார்க்க விரும்புகிறாள், உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல்' என்று சொல்வது. அந்த நண்பருக்கு அந்தத் தாயைத் தெரிந்திருக்கும், விடுதியில் குழந்தையைத் தூக்கியும் இருப்பார். அவரிடம் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. அதே சமயம், அவர் முன்னால் கண் கலங்குவதில் வெட்கமும் இருக்காது.

அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் கடிதம்தான் வழி. அதை அந்தப் பெண் தம் கையாலேயே, ரஷ்ய மொழியில் எழுதட்டும். தமிழில் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்று நீங்கள் அன்போடு முன்வருவீர்கள், தயவுசெய்து வேண்டாம். அந்த வீட்டில் ரஷ்யக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார். வேறு யார் கடிதத்தைப் பிரித்தாலும் அதை அவரிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும், என்ன எழுதியிருக்கிறது என்பதை எப்போது, எப்படிச் சொல்வது என்று முடிவு செய்யும் நேரம் அவருக்குக் கிடைக்கும். ஆறு ஆண்டுகள் அவர் வாழ்ந்த மொழி அது, தன் குழந்தையோடு பேசிய மொழியும் அதுதான். உறையின் மேல் முகவரி மட்டும் உங்கள் கையெழுத்தில் தமிழில் இருக்கட்டும். பெயருக்குரியவரிடமே ஒப்படைக்கும் வசதி அஞ்சலகத்தில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தான் யார், தாய் எப்போது காலமானார், தான் என்ன வேலை செய்கிறார், சென்னையில் எந்த நாள்வரை இருப்பார், எந்த எண்ணில் பேசலாம் என்பவை போதும். பணமோ சொத்தோ கேட்டு வரவில்லை, அவருடைய குடும்பத்தில் யாருக்கும் தெரியவேண்டும் என்ற எண்ணமும் இல்லை, ஒரு முறை நேரில் பார்த்துப் பேச விரும்புகிறேன் என்று ஒரு வாக்கியம் அவசியம் இருக்க வேண்டும். ஏன் விட்டுவிட்டுப் போனீர்கள் என்ற கேள்வி முதல் கடிதத்தில் வரக்கூடாது. அதைக் கேட்கும் உரிமை அவருக்கு முழுமையாக உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் நேருக்கு நேர் உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

1990க்குப் பின் கடிதம் ஏன் நின்றது என்று நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த மனிதருக்காக வாதாடப் போவதில்லை. ஒரு வயதுக் குழந்தையை விட்டுவந்தவர், வழி தேடியிருக்க வேண்டும். ஆயினும் அந்தக் காலத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1991 செப்டம்பரில் லெனின்கிராட் என்ற ஊர்ப்பெயர் மாறியது, அதே ஆண்டு டிசம்பரில் அந்த நாடே இல்லாமல் போனது. ஐந்து ஆண்டுகளில் மெட்ராஸும் சென்னையாகிவிட்டது. தாய் அந்த ஆண்டுகளில் வீடு மாறினாரா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். தந்தை எழுதி, அது வந்து சேராமலும் போயிருக்கலாம். எழுதாமலே இருந்து, ஊரில் பார்த்துவைத்த பெண்ணுக்குத் தாலி கட்டியும் இருக்கலாம். இரண்டையும் தாங்கிக்கொள்ளும் மனநிலையோடு அந்தப் பெண் அந்தச் சந்திப்புக்குப் போக வேண்டும்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவருடைய பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் சான்றாகாது. 1968ஆம் ஆண்டின் சோவியத் குடும்பச் சட்டப்படி, திருமணமாகாத பெற்றோர் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தாலோ நீதிமன்றம் தீர்ப்பளித்தாலோதான் தந்தைமை சட்டப்படி பதிவாகும். இல்லையென்றால் தாய் சொன்ன பெயரைத் தாயின் குடும்பப் பெயரோடு சேர்த்து அந்த இடத்தில் எழுதிவிடுவார்கள். சான்றிதழில் தந்தைக்கும் ரஷ்யக் குடும்பப் பெயரே இருந்தால், அது இந்த இரண்டாவது வகைப் பதிவு. தமிழ்ப் பெயர் முழுமையாக இருந்து, நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லையென்றால், இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியானால் அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். அந்த மனிதர் ஒரு நாள் பதிவு அலுவலகத்துக்கு நடந்துபோய், இவள் என் மகள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

டி.என்.ஏ. பரிசோதனையை நீதிமன்றம் எளிதில் உத்தரவிடுவதில்லை. தந்தைமையை அறிய ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடுவதை வழக்கமான நடைமுறையாக்கக் கூடாது என்று 1993இல் கௌதம் குண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபக்கம், முன்னாள் முதல்வர் என்.டி. திவாரியைத் தன் தந்தை என்று அறிவிக்கக் கோரி ரோஹித் சேகர் 2008இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் வரை போராடி, 2012இல் திவாரியின் வீட்டுக்கே போய் ரத்த மாதிரி எடுக்கப்பட்டது. முடிவு மகனுக்குச் சாதகமாக வந்தது. ஆகவே சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வழி பல ஆண்டுகளைத் தின்னும். அதன் முடிவில் கிடைப்பது ஒரு தீர்ப்பாக இருக்குமே தவிர, அந்தப் பெண் தேடிவந்த மனிதராக இருக்காது. இருவரும் மனமொப்பிச் செய்துகொள்ளும் பரிசோதனை வேறு. தந்தைக்கே ஐயம் இருந்தால், தனிப்பட்ட முறையில், ஒரு நல்ல ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம்.

சொத்து விஷயத்தில் அந்தக் குடும்பம் பயப்படும். அவர் இந்துவாக இருந்தால், 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி, திருமணமே நடக்காத உறவில் பிறந்த பிள்ளை தாய்வழியில்தான் உறவினர். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பங்கில் உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே எந்தத் திருமணமும் நடக்காததால் அது பொருந்தாது. அவர் விரும்பி உயில் எழுதினாலொழிய, சட்டப்படி அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. அதற்காக, யாராவது நீட்டும், உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்திலோ வெற்றுத் தாளிலோ அவர் கையெழுத்திட வேண்டியதில்லை. தந்தை எழுத்து மூலம் ஏற்றுக்கொண்டால், இந்தியக் குடிமகனின் பிள்ளை என்ற முறையில் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு பின்னாளில் வரலாம். இப்போது அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

அவர் காலமாகியிருக்கவும் கூடும். தேடத் தொடங்குவதற்கு முன்பே இதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் பேசிவிடுங்கள். மாநகராட்சியின் இணையதளத்தில் இறப்புப் பதிவுகளைப் பார்க்கும் வசதி உண்டு. ஓரளவு தேதி தெரிந்திருந்தால் அது உதவும். அப்படி ஆகியிருந்தால், அவருடைய பிள்ளைகளுக்கு உடனே எழுத வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் தாயாரை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தத் தவறும் செய்யாதவர், கணவரின் இருபத்தைந்து வயதுக்கு முந்தைய கதையை அறியாமலே இத்தனை காலம் வாழ்ந்திருப்பார். அப்போது எனக்கு மீண்டும் எழுதுங்கள், அந்த நிலைக்கு வேறு யோசனை தேவை.

உங்கள் கணவர் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். அடுத்தவர் குடும்பத்தில் நுழைவது பாவம் என்ற அவருடைய எண்ணம், இந்தத் தேடலை அமைதியாக நடத்தவேண்டும் என்பதற்கு வலுவான காரணம். ஆனால் அந்தப் பெண் அடுத்தவர் அல்லவே. அவர் அந்த மனிதரின் மூத்த மகள். அந்த வீட்டுக்குள் நுழையும் உரிமை அவருக்கு இருக்கிறதா என்பதை அந்த மனிதர் சொல்லட்டும். கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று நாம் சொல்ல முடியாது. மறுப்பு வந்தால், ஒரு முறை கேட்டதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும், தொடர்பு எண்ணை மட்டும் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே பேசி வாக்குப் பெற்றுக்கொள்ளுங்கள். அந்த வாக்கை உங்கள் கணவர் முன்னிலையிலேயே வாங்கினால் அவருடைய மனமும் சமாதானமாகும்.

உங்களுக்கென்று ஒரு கடமை இருக்கிறது, அதை மறந்திருந்தால் இன்றே முடியுங்கள். வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைப்பவர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இணையவழியில், முன்பு 'படிவம் சி' எனப்பட்ட அறிவிப்பை அளிக்க வேண்டும். விடுதிகளுக்கு மட்டுமல்ல, வீட்டுக்காரர்களுக்கும் அது பொருந்தும். விசா எந்த நாள் முடிகிறது என்பதையும் பார்த்து, கடிதத்துக்குப் பதில் வருவதற்குக் குறைந்தது பத்து நாட்களாவது மிஞ்சும்படி உங்கள் வேலைகளை வரிசைப்படுத்துங்கள்.

உறையின் இரண்டு பக்கங்களையும் தெளிவாகப் படம் எடுத்து, தபால் முத்திரையின் தேதி தெரியும்படி, எனக்குத் தனியாக அனுப்பிவையுங்கள். பழைய வாக்காளர் பட்டியலில் அந்தத் தெருவை என் இளநிலை வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.